புகைநாதருக்குச் சிக்னல் கிடைக்கவில்லை

காஞ்சிபுரத்தின் பெருமை என்று கேட்டால் கோயில், பட்டு, மிளகு தட்டிப் போட்ட இட்லி என்று ஊர் உலகம் சொல்லும். அந்த மூன்றையும் மூட்டை கட்டித் தராசின் ஒரு தட்டில் வைத்து, எதிர்த் தட்டில் கலையரசியின் கோபத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். கோயில் யானையோடு சேர்த்து எல்லாம் அந்தரத்தில் தொங்கும். அந்தக் கோபத்தில் ஒரு ஒயரைச் சொருகினால் வாலாஜாபாத் ரைஸ் மில்கள் அத்தனையும் கரண்டு பில் இல்லாமல் ஓடும். எமதர்மனே அவளைக் கூப்பிட வந்தாலும் எருமையைத் தெருமுனையில் கட்டிவிட்டு, "அக்கா இப்ப நல்ல மூடுல இருக்குதா?" என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் வருவான். பல்லவ ராஜா காலத்தில் அவள் பிறந்திருந்தால் சிற்பிகளுக்கு உளியே தேவைப்பட்டிருக்காது. பாறையைப் பார்த்து ஒருமுறை முறைத்திருந்தால் போதும், அது பயந்துபோய்த் தானே சிங்கமாகவும் தூணாகவும் பிரிந்து நின்றிருக்கும்.

இவ்வளவு கோபத்துக்கும் காரணம் மயில்.

கலையரசி பிள்ளையார்பாளையத்தில் வீரபாகு என்பவரின் கடையில் டிசைன் போடுகிறவள். பட்டுப்புடவையின் கரையில் ஓடும் மயிலும் அன்னமும் மாங்காயும் தறியில் தானாக முளைப்பதில்லை. முதலில் யாராவது கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைய வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்து ஓட்டைகள் அடித்த அட்டைகள் தயாராகும். அட்டை தறிக்கு மேலே ஏறிய பிறகு எந்த ஓட்டை எந்த நூலைத் தூக்கச் சொல்கிறதோ அதன்படி படம் விழும். அந்த முதல் ஆள்தான் கலையரசி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வரைந்ததில் பாதிக்கு மேல் மயில். தோகை விரித்த மயில், திரும்பிப் பார்க்கும் மயில், வட்டத்துக்குள் மயில். கல்யாண வீட்டுக்காரர்கள் வேறு எதையும் கேட்பதில்லை. திருப்புட்குழியில் அவள் வீட்டுக்குப் பின்னால் நெல் வயலில் நிஜ மயில்கள் மேயும். பஸ்ஸுக்குப் போகிற அவசரத்திலும் நின்று, குனிந்து, ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டுத்தான் போவாள்.

சின்ன வயதில் அவள் வரைந்ததெல்லாம் ஆட்கள். மூக்கு நீண்ட ஆட்கள், கோபப்படுகிற ஆட்கள், வாயருகே பலூன் கட்டிப் பேசுகிற ஆட்கள். சென்னையில் அனிமேஷன் படிக்கப் போனாள். பாதிப் படிப்பில் அப்பா போய்விட்டார். படிப்பு நின்றது, வேலை வந்தது, வேலையோடு மயில் வந்தது. வீட்டில் அம்மாவும் தம்பி விமல்ராஜும். தம்பி பாலிடெக்னிக்கில் சேர்ந்தான்; பாலிடெக்னிக்கும் அவனும் ஒருவரையொருவர் சகிக்க முடியாமல் பிரிந்தார்கள். இப்போது பார்சல் டெலிவரி செய்துகொண்டு ஊரைச் சுற்றுகிறான்.

மத்தியானம் வீரபாகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுவார். அந்த நேரம்தான் புகைநாதரின் நேரம்.

புகைநாதர் ஒரு மந்திரவாதி. சடாமுடி, தொப்புள் வரை தாடி, அதற்குக் கீழே தொப்பை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி இதே ஊரில் இருந்தவர். ராஜாவுக்குப் பல்வலி என்று மந்திரம் போடப் போய், வலியைக் காணாமல் அடிப்பதற்குப் பதில் ராஜாவின் மூக்கைக் காணாமல் அடித்துவிட்டார். வீரர்கள் துரத்த, கோயில் குளத்தில் குதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மந்திரத்தைச் சொன்னார். தலையைத் தூக்கினால் இன்றைய காஞ்சிபுரம். கரையில் உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி: "செப்பல் டோக்கன் எடுத்தியா?"

அதிலிருந்து அவர் வீட்டுக்குத் திரும்பப் போராடுகிறார். முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் புகையோடு தோன்றினார். பொது இடத்தில் புகை என்று போலீஸ்காரர் அபராதம் எழுதினார். பறந்து தப்பிக்கலாம் என்று காக்கையாக மாறினார். அன்றைக்குப் பார்த்து அமாவாசை. மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கூப்பிட்டுச் சோறு வைத்ததில் வயிறு ஊதிப் பறக்க முடியாமல் நடந்து வந்தார். காந்தி ரோட்டில் மாயமாய் மறையும் மந்திரத்தைச் சொன்னார். போலீஸுக்குத் தெரியவில்லை, நாய்க்குத் தெரியவில்லை, ஜவுளிக்கடைக்கு ஆள் பிடிக்கிறவனுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. "சாமி, வாங்கவே வேணாம், சும்மா உள்ள வந்து பாருங்க" என்று இழுத்துக்கொண்டு போய் மெத்தையில் உட்கார வைத்தான். வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறி, "ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு டிக்கெட்" என்று கேட்டார். "சில்லறையா குடு" என்றார் கண்டக்டர்.

இதையெல்லாம் கலையரசி வரைந்தது புடவை டிசைன் போடும் அதே கம்ப்யூட்டரில்தான். அதில் எதைப் போட்டாலும் கட்டம் கட்டமாகத்தான் வரும். அதனால் புகைநாதரும் கட்டம் கட்டமான மனிதர்; மூக்குகூடப் படிக்கட்டு மாதிரி இருக்கும். வீரபாகு கண்ணில் படக்கூடாது என்று 'மயில் பழசு', 'மயில் வட்டம்' என்றெல்லாம் பெயர் வைத்துச் சேமித்துவிடுவாள். ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. யாராவது ஒருவர், அவள் மேல் இரக்கப்படாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். ஒருத்தர் போதும்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அம்மா கும்பிடுகிற கை அனுப்புவாள். கூடப் படித்த ஒருத்தி, "இது எந்தக் கோயில்டி?" என்று கேட்டாள். விமல்ராஜ் தவறாமல் ஒரே வார்த்தை அனுப்புவான்: "மொக்க."

"மொக்கன்னா பாக்காதடா."

"யாராச்சும் ஒருத்தர் பாக்கணும்ல. பாவம், கெழவன் தனியா கெடக்குறாரு."

மாசி மாதத்தில் ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. பெண் பெயர் துளசி, ஏனாத்தூரில் யுனிவர்சிட்டி ஆபீஸில் வேலை. கூடவே வந்த அத்தை கிருஷ்ணவேணிதான் எல்லாம் பேசினாள். கரையில் மயில் வேண்டும், மயிலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். கலையரசி பல்லைக் கடித்துக்கொண்டு மயில் போட்டாள். பென்டிரைவில் ஏற்றி, அட்டை அடிக்கும் பழனியிடம் கொடுக்கச் சொல்லி, அந்தப் பக்கமாகப் போகிற விமல்ராஜிடம் கொடுத்தாள். பென்டிரைவில் இரண்டு ஃபைல் இருந்தன. இரண்டுக்கும் மயில் என்றுதான் பெயர். பழனி அவசரத்தில் மாற்றித் திறந்துவிட்டார். பழனியைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் படம் பார்க்கிறவர் இல்லை, கட்டம் பார்க்கிறவர். சிவப்புக் கட்டம் இருந்தால் மெஷின் ஓட்டை போடும், அவ்வளவுதான்.

அட்டை நெசவாளர் அர்ஜுனன் வீட்டுத் தறியில் ஏறியது. கரையில் வருகிற உருவம் தறியில் நிமிர்ந்து நிற்காது. பக்கவாட்டில் படுத்தபடிதான் வளரும். படுத்திருந்த தாடியை அர்ஜுனன் தோகை என்று நினைத்தார். சடாமுடியைக் கொண்டை என்று நினைத்தார். ஒரு சாண் நெய்த பிறகுதான் எழுந்து வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போன் போட்டார்.

"கலை, இன்னாமா மயிலு இது?"

"ஏன் அண்ணே?"

"மீச மொளச்சிக்கினு இருக்குதும்மா."

கலையரசி ஓடினாள். தறிக் குழியருகே மண்டியிட்டுப் பார்த்தாள். செக்கச் சிவந்த பட்டில், தங்க ஜரிகையில், ஒருவர் பின் ஒருவராகப் புகைநாதர்கள். அவள் போன வாரம் வரைந்த படம். குளத்தில் திரும்ப இறங்க வேண்டுமென்றால் ஆன்லைனில் பதிய வேண்டும், பதிந்தால் போனுக்கு ஓடிபி வரும் என்று யாரோ சொல்ல, புகைநாதர் ஒரு போனை வாங்கி, சிக்னல் கிடைக்காமல், கையை உச்சிக்குத் தூக்கி வானத்தில் தேடுகிறார். மற்றொரு கை இடுப்பில். முகத்தில் உலகத்தையே எரிக்கிற கடுப்பு. கம்ப்யூட்டரில் இருந்ததைவிட ஜரிகையில் இன்னும் கடுப்பாக இருந்தார். கண்ணை எடுக்க முடியவில்லை அவளால்.

"நல்லாத்தான் இருக்குறாரு," என்றார் அர்ஜுனன். "ஆனா மயிலு இல்லியே. பிரிச்சா பட்டு பிசிறடிக்கும். அறுத்தா பாவு நூலு மொத்தமும் போச்சு. நான் இன்னா பண்றது சொல்லு."

அவள் பதில் தேடுவதற்குள் வாசலில் கார் நின்றது. கல்யாண வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்து, புடவை தறியில் இருக்கும்போதே காட்டிப் பெருமை பேசுவது வீரபாகுவின் வழக்கம். முன்னால் கிருஷ்ணவேணி, பின்னால் துளசி, அவர்களுக்கும் பின்னால், பார்சல் பையோடு, என்ன வாசனை பிடித்தானோ, விமல்ராஜ்.

அர்ஜுனன் நெய்த பகுதியின் மேல் அவசரமாகத் துணியைப் போட்டார். வீரபாகு ஒரே இழுப்பில் துணியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் காதின் நுனி சிவப்பதைக் கலையரசி பார்த்தாள். வேலை போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டாள். அதைவிட மோசமான ஒன்றும் தோன்றியது: இந்த ஒரு சாணை அறுத்து மூலையில் போடப் போகிறார்கள்.

கிருஷ்ணவேணி குனிந்தாள். தலையைச் சாய்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பவும் சாய்த்தாள். பிறகு, "அப்பா!" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"எந்தச் சித்தருங்க இவரு?"

வீரபாகு வாழ்க்கையில் ஒரு வியாபாரத்தையும் விட்டவர் இல்லை.

"இந்த ஊரு சித்தருதாம்மா. ரொம்பப் பழையவரு."

"கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்றாரு பாருங்க! மயிலு கேட்டதுக்குச் சித்தரே வந்திருக்குறாரு. தூக்குன கையில இன்னாது?"

பின்னாலிருந்து விமல்ராஜ், "கமண்டலம்ங்க அத்த," என்றான்.

"கமண்டலத்தத் தலைக்கு மேல யாருப்பா தூக்குவாங்க?"

"கஷ்டமான தவம்ங்க. எல்லாரும் பண்ண முடியாது."

"இல்லீங்க," என்று கலையரசி முன்னால் வந்தாள். "அவரு சித்தரு இல்ல, அவரு வந்து..."

"வந்து, வரம் குடுக்குறவரு," என்று வீரபாகு முடித்தார். முடித்தபோதே அவர் செருப்பில்லாத கால் அவள் கால்மேல் ஏறியிருந்தது. கிருஷ்ணவேணி பையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்துத் தறிக் கட்டையில் வைத்துக் கும்பிட்டாள். துளசி மட்டும் உதட்டைக் கடித்தபடி, தலையைச் சாய்த்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் போனதும் வீரபாகு திரும்பினார்.

"யாரும்மா இந்தக் கெழவன்?"

"புகைநாதர், சார்."

"பேரு நல்லாத்தான் இருக்குது. நாதர்னாலே சாமிதான். இங்க பாரு, என் கம்ப்யூட்டர்ல நீ இன்னா இன்னா கிறுக்கினன்னு அப்புறம் பேசிக்கலாம். இப்ப புது டிசைன் போடு. அந்தப் போன எடுத்துடு. உள்ளங்கைய விரிச்சிக் காட்டச் சொல்லு. தலையச் சுத்தி ஒரு வட்டம் போடு. தொப்பைய உள்ள இழு. முக்கியமா சிரிக்கச் சொல்லு. இப்படி மொறச்சிக்கினு இருந்தா கல்யாணப் பொடவைய எவன் வாங்குவான்?"

"ஏற்கெனவே நெய்ஞ்ச ஒரு சாணு?"

"அது இடுப்புல சொருகுற பக்கம்தானே? யாரு அவுத்துப் பாக்கப் போறா? நாளைக்கிக் காலைல புது அட்டை ஏறணும்."

கலையரசி கடைக்குத் திரும்பினாள். வேலை போகவில்லையே என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். இத்தனை நாளாக ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத மனிதர். இன்றைக்கு ஒரு அம்மாள் பார்த்தாள். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நிஜமான புகைநாதர் யாரோ ஒருத்தியின் இடுப்பு மடிப்புக்குள் சொருகப்பட்டு மூச்சுமுட்டப் போகிறார். வெளியே, முந்தானை வரைக்கும், பல்லைக் காட்டும் ஒரு போலிச் சாமியார் ஊரை ஆசீர்வதித்துக்கொண்டே போவார். ஆயிரம் வருஷம் தாண்டி வந்தவருக்கு இதைவிடக் கேவலம் வேறென்ன வேண்டும்?

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். போனைக் கட்டம் கட்டமாக அழித்தாள். விரல்களை விரித்தாள். தலைக்குப் பின்னால் வட்டம் போட்டாள்; தோசைக்கல்லைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கடைசியாக வாயின் இரு ஓரத்திலும் கட்டத்தை மேலே ஏற்றினாள். புகைநாதர் சிரித்தார். சிரித்ததும் அவர் அப்படியே வீரபாகு மாதிரி ஆகிவிட்டார். கலையரசி எலியைத் தூக்கி மேஜைமேல் போட்டாள். கம்ப்யூட்டர் எலிதான், ஆனாலும் கத்தியது.

"போட்டுக் குடுத்துடு, விடுக்கா," என்றான் விமல்ராஜ். மத்தியானத்திலிருந்து அவன் எந்தப் பார்சலையும் கொண்டுபோகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஊரே கும்பிடப் போவுது. உனக்கு இன்னா கஷ்டம்?"

"கும்பிடுறதுக்காடா வரைஞ்சேன்? போடா, எழுந்து போ. நீயும் உன் கமண்டலமும்."

அவன் எழுந்து வாசல்வரை போனான். போனவன், "அக்கா, யாரோ வராங்க," என்றான்.

ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தது துளசி. ஆபீஸ் விட்டு நேராக வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை ஆடியது.

"அக்கா, ஒன்னு கேட்டா கோவப்பட மாட்டீங்களே?"

"கேளுங்க."

"அந்தத் தாத்தா ஆசீர்வாதம்லாம் பண்ணல. சிக்னல் தேடிக்கினு இருக்குறாரு. கரெக்டா?"

கலையரசி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"எங்க ஆபீஸ்ல நானும் இப்படித்தான் ஜன்னல் கட்டை மேல ஏறி நிப்பேன். அதே கை, அதே மூஞ்சி. எங்க அத்த பூ வச்சிக் கும்பிட்டாங்க பாருங்க, அங்க எனக்கு..." அதற்கு மேல் துளசியால் முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்கு வெட்கப்பட்டு இன்னும் சிரித்தாள். இத்தனை நாள் காத்திருந்தது வந்து எதிரே நிற்கும்போது என்ன செய்வதென்று கலையரசிக்குத் தெரியவில்லை. பழக்க தோஷத்தில் முறைத்துக்கொண்டே நின்றாள். அந்த முறைப்பும் புகைநாதர் மாதிரியே இருக்கவும், துளசி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருக்கா இவரு? சொல்லுங்க."

கலையரசி சொன்னாள். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். செப்பல் டோக்கனுக்குச் சிரித்தாள் துளசி. அமாவாசைக்கு இருமலே வந்தது. கண்டக்டரை இரண்டு முறை பார்த்தாள். ஒரு படத்தில் மட்டும் சிரிக்கவில்லை. அதில் புகைநாதர் பழைய மண்டபத்துத் தூண் ஒன்றின்மேல் கைவைத்து, "என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்கிறார். தூணில் யாரோ போன் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"இவரு ஊருலயேதான் இருக்குறாரு, இல்ல? ஆனா வீட்டுக்குப் போவ முடியல."

"ம்."

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் பூனா போறேன்க்கா. லீவுல வருவேன். ஆனா அப்ப அது எங்க வீடு இல்ல, எங்க அம்மா வீடு. எல்லாரும் இப்பவே அப்படித்தான் சொல்றாங்க. 'அம்மா வீட்டுக்கு எப்ப வருவ?'" துளசி அடையாள அட்டையை விரலில் சுற்றினாள். "அவரு மொறைக்கிறது எனக்கு நல்லாப் புரியுது."

கலையரசிக்கு அது புதிதாக இருந்தது. சிரிப்புக்காகத்தான் அவள் வரைந்தாள். அந்தத் தூணை ஏன் வரைந்தோம் என்று அவளுக்கே தெரியாது. சென்னை ஹாஸ்டலிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்த நாள்தான் காரணமில்லாமல் ஞாபகத்துக்கு வந்தது.

துளசி திரையைப் பார்த்தாள். "இது யாரு, பல்லக் காட்டிக்கினு?"

"அவருதான். நாளையிலேர்ந்து."

"ஐய! இன்னாத்துக்கு?"

"உங்க அத்தைக்காக."

"பொடவை கட்டப் போறது அத்தையா?" துளசி போனை எடுத்தாள். கடைக்குள் சிக்னல் இல்லை. வாசலுக்குப் போய், கையைத் தூக்கி, திரும்பித் திரும்பிப் பார்த்து, கடைசியில் பிடித்தாள். ஸ்பீக்கரில் வீரபாகுவின் குரல் வந்தது.

"அங்கிள், துளசி பேசுறேன். அந்தச் சித்தரு மத்தியானம் எங்க அத்தைக்குக் கனவுல வந்தாராம்."

"அப்படியாம்மா!"

"'என்ன எப்படிப் பாத்தியோ அப்படியே நெய்யணும், ஒரு நூலு மாறக் கூடாது'ன்னு சொன்னாராம். மாத்துனா அவருக்குக் கோவம் வருமாம். மூஞ்சியப் பாத்தீங்கல்ல?"

முதலாளியை எதிர்த்துப் பேசலாம், வாடிக்கையாளரை எதிர்த்துப் பேசலாம். காஞ்சிபுரத்தில் கனவை எதிர்த்து யாரும் பேச முடியாது.

"ஒரு நூலு மாறாதும்மா," என்றார் வீரபாகு.

கல்யாண மண்டபத்தில் கலையரசி கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். மேடைக்குப் போனவர்களெல்லாம் முதலில் மணமக்களைப் பார்த்தார்கள், பிறகு கிருஷ்ணவேணி காட்டிய இடத்தில் குனிந்து கரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தலை முதல் கால்வரை புகைநாதர்கள், அத்தனை பேரும் கையைத் தூக்கி, அத்தனை பேரும் கடுப்பாக. ஒரு பெரியவர் விபூதியே பூசிவிடப் பார்த்தார். துளசி கூட்டத்துக்கு மேலாகக் கலையரசியைத் தேடிப் பிடித்தாள். மாலையோடு, மருதாணிக் கையை உச்சிக்குத் தூக்கி, முகத்தைச் சுளித்து, மண்டபத்துக் கூரையில் சிக்னல் தேடினாள். கலையரசி சிரித்த சிரிப்பில் பக்கத்து நாற்காலிக்காரர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

அதோடு நல்ல காலம் பிறந்தது என்று எழுதலாம்தான். பிறக்கவில்லை. 'சித்தர் பார்டர்' என்று வீரபாகு பெயர் வைத்தார். அடுத்த முகூர்த்தங்களுக்கு அதையே கேட்டார்கள். வேறு கடைக்காரர்கள் பார்த்துப் போட்டார்கள். எல்லாரும் மறக்காமல் போனை எடுத்துவிட்டு, தலைக்குத் தோசைக்கல்லை மாட்டினார்கள். வரைந்தது யார் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. வீரபாகு மட்டும் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "நல்லா ஓடுதும்மா. அடுத்தது சித்தருக்குப் பக்கத்துல ஒரு மயிலு வச்சிப் போடு." அன்றைக்குச் சாயங்காலம் திருப்புட்குழி வயலில் ஒரு மயிலும் நிம்மதியாக மேயவில்லை.

புகைநாதர் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை. மத்தியானத்தில் அவள் இன்னும் வரைகிறாள். பூனாவிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் வருகிறது. அதில் பேச்சு இருப்பதில்லை, மூக்கால் வரும் அந்தச் சத்தம்தான் இருக்கிறது.

இவ்வளவையும் எழுதி முடித்த விமல்ராஜ், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்குப் பிறகு அக்கா கொஞ்சம் சாந்தமாக இருக்கும் நேரமாகப் பார்த்து, போனை நீட்டினான். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு படித்தாள்.

"எமனு எருமைய எங்கடா கட்டுவான்? தெருமுனையில ட்ரான்ஸ்பார்மர் இருக்குது."

"அது சும்மாக்கா, ஒரு பில்டப்பு."

"மயிலு மேல கல்லு எறிஞ்சத எதுக்குடா எழுதின? ஃபாரஸ்ட்காரன் வந்து புடிச்சிக்கினு போறதுக்கா?"

"படி, படி. மேல படி."

அவள் படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள், திரும்ப அதே இடத்துக்கு வந்தாள்.

"'பென்டிரைவில் இரண்டு ஃபைல் இருந்தன. பழனி அவசரத்தில் மாற்றித் திறந்துவிட்டார்.'"

"ஆமா. பாவம் அவரு, கண்ணு வேற சரியா..."

"பழனி அண்ணன அன்னைக்கே கேட்டேன்டா. உள்ள ஒரே ஒரு ஃபைலுதான் இருந்துச்சாம்."

விமல்ராஜ் ஃபேனைப் பார்த்தான்.

"நான் ஏத்தினதும் ஒரே ஒரு ஃபைலு. மயிலு. டிபன் பாக்ஸ் கழுவப் போயிட்டு நான் திரும்பி வரப்ப கம்ப்யூட்டர் முன்னாடி யாருடா உக்காந்துக்கினு இருந்தது?"

அவன் போனைப் பிடுங்கக் கையை நீட்டினான். அவள் அதைத் தூக்கி அவனுக்கு எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"மொக்க, மொக்கன்னு அனுப்பினியேடா!"